லேசான வலி, லேசான தீட்டு என்றால் எக்டோபிக் இல்லை என்று விட்டுவிடலாமா?

மே 6, காலை 10.20 (வந்த கேள்வி)

"எக்டோபிக், அதாவது கருப்பைக்கு வெளியே கரு தங்கினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவார்கள், மயக்கம் போடும் என்றுதான் எங்கும் படிக்கிறேன். அப்படியென்றால் நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடு வந்து, ஆறாவது வாரத்தில் ஒரு பக்கம் லேசாக வலித்து, பழுப்பு நிறத்தில் கொஞ்சம் பட்டால் அது சாதாரணக் கருச்சிதைவுதானே? படுத்து ஓய்வெடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். தவறா?"

மே 6, காலை 11.05

தவறு, அதுவும் உயிர்போகிற தவறு. சுருண்டு விழுவது, கரு தங்கிய கருக்குழாய் வெடித்த பிறகு நடப்பது. அதற்கு முன்னால் சில நாட்களோ ஒன்றிரண்டு வாரமோ இருக்கும். அப்போது தெரிவதெல்லாம் நீங்கள் சொன்னதுதான்: கொஞ்சம் வலி, கொஞ்சம் தீட்டு. சிலருக்கு அதுவும் இருக்காது.

கார்டில் வரும் இரண்டு கோடு கரு உண்டாகியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அந்த "எங்கே" தெரியும்வரை, வலியோ தீட்டோ இருக்கும் ஒவ்வொரு ஆரம்பக் கர்ப்பத்தையும் எக்டோபிக்காக இருக்கலாம் என்றே பார்க்க வேண்டும். அதே நாளில் செய்ய வேண்டியவை: பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன், ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்னும் கர்ப்ப ஹார்மோனின் அளவு, ரத்த வகை, ஹீமோகுளோபின். வலி திடீரென்று கூடினாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, தோள்பட்டை வலித்தாலோ மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது. அந்த நேரமே அவசரப் பிரிவு. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் போகும் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம்.

மே 6, மாலை 4.40

ஏன் வெடிக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சினைப்பையிலிருந்து கருப்பைக்கு முட்டை வரும் வழியான கருக்குழாய் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். கருப்பையை ஒட்டிய குறுகலான பகுதியில் உள்துவாரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கரு வளர்வதற்கென்று கருப்பையில் தடித்த உள்படலமும் அதற்குப் பின்னால் கனமான தசையும் இருக்கின்றன. குழாயில் இரண்டும் இல்லை. கருவின் வெளிச்செல்கள் எங்கே உட்கார்ந்தாலும் ரத்தக்குழாயைத் தேடித் துளைத்துப் போகிறவை. குழாயின் மெல்லிய சுவரில் அவை துளைத்தால் நேராக ரத்தக்குழாய்க்குள் போய் முடியும். சுவர் விரிந்து கிழிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட அரிப்புதான் முக்கியக் காரணம். அதனால்தான் மிகச் சிறிய கருவும் பெரிய ரத்தப்போக்கை உண்டாக்கும்.

எந்த இடத்தில் தங்கியது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். குறுகலான பகுதி என்றால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கிழிந்துவிடும். வெளிப்பக்கம் அகன்ற பகுதி என்றால் இன்னும் சில வாரம் தாங்கலாம். எக்டோபிக்கில் பத்தில் ஏழு அங்கேதான். கருப்பைத் தசைக்குள் குழாய் நுழையும் இடத்தில் தங்கினால் சுற்றியுள்ள தசை தாங்குவதால் பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியும் போகும். ஆனால் வெடிக்கும்போது மற்ற எல்லாவற்றையும்விட அதிக ரத்தம் போவது அங்கேதான்.

மே 6, மாலை 5.15

காரணங்கள், சுருக்கமாக: முன்பு ஒரு முறை எக்டோபிக், குழாயில் செய்த ஆபரேஷன், கிளமிடியா போன்ற தொற்றால் வந்த இடுப்புக்குழி அழற்சி, புகைப்பழக்கம், குழந்தையின்மை சிகிச்சை, 35க்கு மேல் வயது, காப்பர் டி. கிளமிடியா பல பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் காட்டாமலேயே குழாயின் உட்புறத்தைக் கெடுத்துவிடும். ஆனால் எக்டோபிக் வருகிற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தப் பட்டியலில் ஒன்றுமே இருக்காது. "எனக்குக் காரணம் எதுவும் இல்லையே" என்பதை வைத்து யாரும் நிம்மதி அடையாதீர்கள்.

மே 7, காலை 8.30

தோள்பட்டை வலி என்று நேற்று ஒரு சொல்லோடு போய்விட்டேன். அது போதாது.

வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், படுக்கும்போது மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கத்தைத் தொடும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள் நுனித் தோலுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே மட்டத்திலிருந்து புறப்படுகின்றன. அதனால் வயிற்றில் உள்ள எரிச்சலைத் தோள் வலியாக மூளை எடுத்துக்கொள்கிறது. வலி வரும் இடம், கைப்பையின் வார் உட்காருமே, தோளின் அந்த நுனி. அழுத்திப் பார்த்தால் அங்கே நோகாது, கையைத் தூக்கி இறக்கினாலும் மாறாது. படுத்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

இதேபோல ஏமாற்றும் இன்னொன்று, மலம் கழிக்க வேண்டும் போல அடிக்கடி தோன்றுவது. கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ரத்தம் தேங்கி மலக்குடலை அழுத்துவதால் வருவது அது. கழிப்பறையில் மயங்கி விழுந்தார் என்று கேட்டால் முதலில் இதை நினைக்க வேண்டும்.

மே 7, பகல் 1.10

"பிரஷர் 110/70 இருக்கிறது, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இளம் வயதுப் பெண்ணின் உடல் ரத்த இழப்பை நன்றாக மறைக்கும். உடலில் இருப்பது சுமார் ஐந்து லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் போகும்வரை மேல் பிரஷர் இறங்காமலே இருக்கலாம். அதற்கு முன்னால் மாறுவது நாடித்துடிப்பு, நூறைத் தாண்டும். கை கால் சில்லிடும், மூச்சு வேகமாகும், ஒருவிதப் பரபரப்பு வரும். சிலருக்கு வயிற்றில் ரத்தம் நிறைந்திருந்தும் நாடி ஏறாமல் மெதுவாகவே இருக்கும். ஆகவே நாடி சரியாக இருக்கிறது என்பதும் உத்தரவாதம் இல்லை.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். ரத்தம் போன புதிதில் மீதமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி மாறாது. வந்தவுடன் எடுத்த அளவு 11 என்று வந்தால், ரத்தம் போகவில்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேனில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே திரவம் தெரிந்தால், அடிவயிற்றை நிரப்பிவிட்டு மேலேறி வந்த ரத்தம் அது. அதற்குமேல் அளவு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தடிமனான ஊசிக்குழாய் இரண்டு போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்து, ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டும். சலைன் பிரஷரைத் தூக்கிக் காட்டும், கசியும் குழாயை அடைக்காது.

மே 7, இரவு 9.50

எச்சிஜி எண்கள். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்காக.

ஒரே ஒரு அளவால் இடம் தெரியாது. 300 என்றாலும் எக்டோபிக் வெடிக்கலாம். 48 மணி நேர இடைவெளியில் இரண்டு அளவு வேண்டும், முடிந்தால் ஒரே லேபில். நல்ல கர்ப்பத்தில் இரண்டு நாளில் இரட்டிப்பாகும். 1500ஐத் தாண்டினால் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் கருப்பைக்குள் கரு இருக்கும் பை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எக்டோபிக்.

மே 8, காலை 7.15

நேற்றிரவு எழுதிய கடைசி மூன்று வாக்கியங்களைத் திருத்துகிறேன். பழைய கணக்கு அது. அதை நம்பி முடிவெடுத்தால் நல்ல கர்ப்பத்துக்கே மருந்து போட்டு அழித்துவிடும் அபாயம் இருக்கிறது.

இரட்டிப்பு கட்டாயமில்லை. தொடக்க அளவு 1500க்குக் கீழே என்றால் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம் ஏற வேண்டும். 1500 முதல் 3000 வரை என்றால் 40 சதவீதம், 3000க்கு மேல் என்றால் 33 சதவீதம். உதாரணத்துக்கு 620 இருந்தது 870 ஆனால் ஏற்றம் 40 சதவீதம், சந்தேகப்பட வேண்டும். 960 ஆனால் 55 சதவீதம், போதுமான ஏற்றம்தான். ஆனால் எக்டோபிக்கிலும் ஐந்தில் ஒன்று போல இப்படி ஒழுங்காக ஏறிக் காட்டும். சில எக்டோபிக்கில் கருச்சிதைவு போலவே இறங்கியும் காட்டும். ஏற்ற இறக்கம் ஒரு துப்பு மட்டுமே.

பை தெரிய வேண்டிய அளவையும் இப்போது 3500 வரை தள்ளி வைக்கிறார்கள். இரட்டைக் குழந்தை என்றால் எண் பெரிதாகவும் பை சின்னதாகவும் இருக்கும். உடல்நிலை நிதானமாக இருந்து, விரும்பிய கர்ப்பமாகவும் இருந்தால் மறு ஸ்கேனுக்குக் காத்திருப்பதே சரி.

"பை தெரிகிறது" என்பதிலும் ஒரு பொறி உண்டு. எக்டோபிக்கில் கருப்பையின் நடுக்குழியில் கொஞ்சம் திரவம் தேங்கிப் பை போலத் தெரியும். அசல் பை நடுக்கோட்டிலிருந்து விலகி, ஒரு பக்க உள்படலத்துக்குள் புதைந்து, சுற்றிலும் பளிச்சென்ற வளையத்தோடு இருக்கும். ஐந்தரை வார வாக்கில் அதற்குள் மஞ்சள்கருப் பை ஒரு சின்ன மோதிரம் போலத் தெரியும். அந்த மோதிரத்தைப் பார்த்த பிறகுதான் கருப்பைக்குள் இருக்கிறது என்று எழுத வேண்டும்.

மே 8, மாலை 6.00

கருக்கலைப்பு மாத்திரை போட்டால் எக்டோபிக்கும் கலைந்துவிடுமா என்று வந்த கேள்விக்கு.

மைஃபெப்ரிஸ்டோன், மிசோபிராஸ்டால் இரண்டும் எக்டோபிக்கைக் கலைக்காது. ஆனால் கருப்பையின் உள்படலம் மருந்துக்கு உதிர்ந்து ரத்தம் போகும். எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு வரும் வயிற்று வலியையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். குழாயில் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். மாத்திரை போட்டும் எதிர்பார்த்த அளவு ரத்தம் போகவில்லை என்றாலோ, வலி ஒரு பக்கமாக நின்று போகாமல் இருந்தாலோ அன்றைக்கே ஸ்கேன்.

மே 9, காலை 9.25

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. எக்டோபிக்கில் மாத்திரை எதுவும் போடாமலேயே கருப்பையின் உள்படலம் மொத்தமாக ஒரே துண்டாகக் கழன்று வெளியே வருவதுண்டு. கருப்பைக்குழியை அச்சில் வார்த்தது போல முக்கோண வடிவில், சதை போல இருக்கும். பார்க்கிறவர்கள் கரு வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

சோதனை எளிது. வந்ததைச் சலைனில் போட்டுப் பார்த்தால், கருவின் திசு இருந்தால் நீருக்குள் பாசி போல இழை இழையாக விரிந்து நிற்கும். வெறும் உள்படலம் என்றால் அப்படி விரியாது. கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கருப்பையைச் சுத்தம் செய்த பிறகும் கருத்திசு இல்லை என்று ரிப்போர்ட் வந்து, எச்சிஜியும் இறங்காமல் நின்றால், கரு வேறு இடத்தில் இருக்கிறது.

மே 10, காலை 10.00

ஆபரேஷன் இல்லாமல் எக்டோபிக் கருவின் வளர்ச்சியை நிறுத்தப் போடும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி பற்றி நிறையக் கேள்விகள். பொறுமையாக எழுதுகிறேன்.

யாருக்குப் போடலாம்: வெடிக்கவில்லை, வலி கடுமையாக இல்லை, நாடியும் பிரஷரும் நிதானம், கருப்பைக்குள் கர்ப்பம் இல்லை என்பது உறுதி, சொன்ன தேதிக்கெல்லாம் ரத்தம் கொடுக்க வரமுடியும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திரும்பி வர முடியாதவருக்கு ஊசியைவிட ஆபரேஷனே பாதுகாப்பு. எச்சிஜி 5000க்கு மேல், கரு தங்கிய இடத்தின் கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல், கருவில் இதயத்துடிப்பு தெரிகிறது என்றால் ஊசி தோற்கும் வாய்ப்பு அதிகம். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள், கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்களில் கோளாறு உள்ளவர்கள், வயிற்றுப்புண்ணோ நுரையீரல் நோயோ இப்போது உள்ளவர்கள், இவர்களுக்குப் போடக் கூடாது.

அளவு: உடலின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.கி., தசையில். உயரத்தையும் எடையையும் பெருக்கி 3600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு. 155 சென்டிமீட்டர், 58 கிலோ என்றால் 1.58 சதுர மீட்டர், அதாவது 79 மி.கி. மில்லிக்கு 25 மி.கி. உள்ள மருந்தில் 3.2 மில்லி, இரண்டு பக்கமும் பிரித்துப் போடுவார்கள்.

போட்ட நாள் முதல் நாள். எச்சிஜி பார்ப்பது நான்காம் நாளும் ஏழாம் நாளும். நான்காம் நாள் ஏறியிருந்தால் பதற வேண்டாம், ஏறத்தான் செய்யும். ஒப்பிட வேண்டியது நான்கையும் ஏழையும். முதல் நாள் 1840, நான்காம் நாள் 2260, ஏழாம் நாள் 1790 என்றால் இறக்கம் 21 சதவீதம். 15 இருந்தால் போதும் என்பதால் இது வெற்றி. ஏழாம் நாள் 2050 என்றால் இறக்கம் 9 சதவீதம்தான், இன்னொரு ஊசி தேவைப்படும். பிறகு வாரம் ஒரு முறை, கர்ப்பமில்லாத அளவுக்கு வரும்வரை.

தவிர்க்க வேண்டியவை: ஃபோலிக் அமில மாத்திரை, அது இந்த மருந்தையே முறித்துவிடும். கர்ப்பம் என்று தெரிந்ததும் எல்லோரும் போட ஆரம்பிப்பது இதைத்தான், நிறுத்தச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சத்து மாத்திரைகளிலும் கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை, மது, கனமான வேலை, உடலுறவு, கடும் வெயில் எல்லாம் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வயிற்று வலி ஒரு முறை வரக்கூடும், கரு சுவரிலிருந்து பிரிவதால் வருவது. ஓரிரு நாளில் அடங்கும். இது அந்த வலியா, வெடித்த வலியா என்று வீட்டில் இருந்தபடி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. போய்க் காட்டுங்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி.

மே 10, இரவு 8.45

ஆபரேஷனில் குழாயை எடுப்பதா, கீறிக் கருவை மட்டும் எடுப்பதா?

மற்றக் குழாய் நன்றாக இருந்தால் எடுத்துவிடுவதே பெரும்பாலும் நல்லது. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஈசெப் ஆய்வில், அடுத்து இயல்பாகக் கருத்தரித்துத் தொடர்ந்தவர்கள் குழாயைக் காப்பாற்றியவர்களில் 61 சதவீதம், எடுத்தவர்களில் 56 சதவீதம். தற்செயலைத் தாண்டிய வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு அது இல்லை. ஆனால் காப்பாற்றியவர்களில் 7 சதவீதத்தினருக்குக் கருத்திசு மிச்சம் இருந்து மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. எடுத்தவர்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. மற்றக் குழாய் ஏற்கெனவே கெட்டிருந்தால் கணக்கு மாறும். அப்போது கீறி எடுத்துவிட்டு, எச்சிஜியை வாராவாரம் பார்க்க வேண்டும்.

சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்குப் பிறகும் தோள் நுனி வலிக்கும், உள்ளே ஏற்றிய வாயுவால். ஓரிரு நாளில் போகும். போகாமல் கூடினால் சொல்லுங்கள்.

மே 10, இரவு 9.30

1881இல் பர்மிங்காமில் இருந்த அறுவை மருத்துவர் ராபர்ட் லாசன் டெய்ட்டிடம், எக்டோபிக் வெடித்த ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கலாமா என்று கேட்டார்கள். அவர் துணியவில்லை, அந்தப் பெண் இறந்தார். பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது, குழாயையும் அதன் ரத்தக்குழாயையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று தெரிந்தது. 1883இல் அவரே அந்த ஆபரேஷனைச் செய்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். இன்றைக்கும் உயிரைக் காப்பது அதே முடிச்சுதான். அதைப் போட நேரம் மிச்சம் இருக்கிறதா என்பதற்காகத்தான் முதல் குறிப்பில் "மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது" என்று எழுதினேன்.

மே 12, காலை 7.40

6ஆம் தேதி காரணப் பட்டியலில் காப்பர் டியைச் சும்மா சேர்த்துவிட்டேன். படித்துவிட்டு ஒருவர் அதை எடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறார். எடுக்க வேண்டாம். காப்பர் டி கர்ப்பத்தையே தடுப்பதால், எதுவும் பயன்படுத்தாதவரைவிட எக்டோபிக் வரும் வாய்ப்பு அதை வைத்திருப்பவருக்குக் குறைவுதான். நான் சொல்லியிருக்க வேண்டியது: அதை மீறிக் கர்ப்பம் உண்டானால், அது குழாயில் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் அப்படியே. அதற்குப் பிறகு உண்டாகும் கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று போல எக்டோபிக். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே" என்று கார்டு சோதனையே செய்யாமல் இருப்பவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள்.

மே 12, பகல் 12.20

குழாயைத் தவிர வேறு இடங்கள்: சினைப்பை, கருப்பை வாய், வயிற்றுக்குழி, சிசேரியன் தழும்பு. தழும்பில் தங்கியதைத்தான் இப்போது கவனிக்க வேண்டியிருக்கிறது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் பை தெரிவதால், கலைந்து இறங்கி வருகிறது என்று தவறாக எண்ணிக் கண்மூடித்தனமாகச் சுரண்டினால் நிறுத்த முடியாத ரத்தப்போக்கு வரும். கருப்பை வாயில் தங்கியதற்கும் இதே எச்சரிக்கை. முன்பு சிசேரியன் ஆனவர்கள் ஆரம்ப ஸ்கேனின்போது தழும்புக்கும் பைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும்.

ஐவிஎஃப் செய்தவர்கள் கவனிக்க: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு கருவும் ஒரே சமயத்தில் இருக்கலாம். இயல்பான கருத்தரிப்பில் அபூர்வம், ஐவிஎஃபில் பல மடங்கு அதிகம். உள்ளே குழந்தை தெரிந்துவிட்டது என்று பக்கவாட்டைப் பார்க்காமல் ஸ்கேனை முடிக்கக் கூடாது.

மே 12, மாலை 7.05

"குழாயிலிருந்து எடுத்துக் கருப்பைக்குள் வைக்க முடியாதா?" முடியாது. அப்படி ஒரு சிகிச்சை இல்லை. இதைக் கேட்டவரின் மனம் புரிகிறது. நீங்கள் சம்மதித்ததால் குழந்தையை இழந்தீர்கள் என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. குழாயில் தங்கிய கருவைப் பிறக்கவைக்க இன்றைக்கு யாராலும் முடியாது. எடை தூக்கியதாலோ பயணம் செய்ததாலோ இது வருவதும் இல்லை.

மே 14, காலை 8.10

விட்டுப்போன இரண்டு.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்காமல் காக்கும் ஆன்டி-டி ஊசி, 72 மணி நேரத்துக்குள். அவசரத்தில் மறந்துபோவது இதுதான், டிஸ்சார்ஜ் ஆகும்முன் வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்த முறை கர்ப்பமானால், ஒரு முறை எக்டோபிக் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று போல. நாள் தள்ளியதும் கார்டு, உடனே எச்சிஜி, ஆறாவது வாரத்தில் ஸ்கேன். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மே 17, இரவு 10.15

"ஊசி போட்டு மூன்று வாரம். எச்சிஜி 90க்கு இறங்கிவிட்டது. இன்று மாலையிலிருந்து இடது பக்கம் வலி. இறங்கிக்கொண்டிருப்பதால் பயமில்லைதானே?"

இப்போதே கிளம்புங்கள். எண் முழுதாக இறங்க இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடிப்பதுண்டு, 90இலும் வெடிக்கும். ஊசி போட்ட தேதியும் எல்லா எச்சிஜி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக "எக்டோபிக், மெத்தோட்ரெக்ஸேட் போட்டிருக்கிறேன், இப்போது வலிக்கிறது" என்று சொல்லுங்கள்.

மே 18, காலை 6.50

போய்ச் சேர்ந்தீர்களா? ஸ்கேனில் திரவம் இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.